கை பட்டது

பிரகலாதன் நடுவரின் கன்னத்தில் அறைந்ததைக் குறைந்தது நானூறு பேர் பார்த்தார்கள். லீக்கின் செயலாளர் றிஷானாவும் பார்த்தாள். எல்லைக் கோட்டுக்கு வெளியே போட்டிருந்த மேசையில், போட்டித் தாள்கள் காற்றில் பறக்காமல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அவள் இருந்தாள்.

அரையிறுதி முடிய நாலு நிமிடம் இருந்தது. பிரகலாதனின் கழகம் போட்ட கோலை ஓஃப்சைட் என்று நடுவர் யோகலிங்கம் மறுத்தார். கழகத்தின் தலைவரும் பிரதேச சபை உறுப்பினருமான பிரகலாதன் கதிரையை விட்டு எழும்பினார். கையிலிருந்த போனைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். பிறகு மைதானத்தின் நடுப்பகுதி வரைக்கும் நடந்து போனார். ஓடவில்லை, நடந்துதான் போனார். யோகலிங்கம் சின்னக் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டு நின்றார். அவர் நிமிர்ந்தபோது அறை விழுந்தது. கொப்பி ஒரு பக்கம், பேனை ஒரு பக்கம் போய் விழுந்தன.

காற்று மறுபக்கம் வீசியதால் சத்தம் றிஷானாவுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் அவளுடைய தோள் ஒருதரம் குலுங்கியது.

யோகலிங்கம் குனிந்து கொப்பியையும் பேனையையும் எடுத்தார். பிரகலாதனுக்குச் சிவப்பு அட்டை காட்டினார். அவர் கோட்டுக்கு வெளியே போகும்வரை இடுப்பில் கைவைத்துக் காத்து நின்றார். பிறகு விசில் ஊதி, மிச்சம் நாலு நிமிடத்தையும் ஆடவைத்து முடித்தார். பிரகலாதனின் கழகம் ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றது.

றிஷானாவுக்கு முப்பத்துநாலு வயது. ஒரு காலத்தில் மாவட்ட வலைப்பந்து அணியில் ஆடியவள். இப்போது மத்திய வீதியில் ஒரு கொமினிகேசன் நடத்துகிறாள். போட்டோக் கொப்பி, லெமினேட்டிங், விண்ணப்பங்கள் டைப் பண்ணுவது என்று காலையிலிருந்து கூட்டம் இருக்கும். கரையோரக் கழகங்கள் பதினெட்டுச் சேர்ந்து நடத்தும் உதைபந்தாட்ட லீக்குக்கு அவள் செயலாளராகி நாலு வருடம். தமிழில் பிழையில்லாமல் வேகமாக டைப் பண்ணுவாள் என்பதுதான் அவளைத் தெரிவுசெய்ததற்கு முதற் காரணம். அதை அவளிடமே சொல்லியிருக்கிறார்கள்.

திங்கள் காலை யோகலிங்கம் தன் அறிக்கையைக் கொண்டுவந்து கொடுத்தார். கோடுபோட்ட தாளில் கையால் எழுதிய ஒரே பக்கம். ‘திரு. பிரகலாதன் அவர்கள் மைதானத்துள் நுழைந்து எனது இடது கன்னத்தில் கையால் அடித்தார்.’ அதன் பின்னால் ஆஸ்பத்திரித் துண்டின் பிரதி ஒன்று குத்தப்பட்டிருந்தது. காதுச் சவ்வில் கிழிவு.

வியாழன் பின்னேரம் ஒழுக்காற்றுக் குழு கூடியது. குழுவில் மூன்று பேர் இருக்கவேண்டும். மூன்றாமவர் கட்டாருக்கு வேலைக்குப் போனபிறகு அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. ஆகவே லீக்கின் தலைவர் ஸெய்னுதீன் சேரும், சட்டத்தரணி இராகுலனும்தான். ஸெய்னுதீன் சேர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். லீக் இரண்டு தடவை உடையப்போன நேரம், வீடு வீடாகப் போய்க் கதைத்து ஒட்டவைத்தவர். அவர் குரலை உயர்த்தி றிஷானா ஒருநாளும் கேட்டதில்லை. கூட்டமும் அவர் வீட்டு விறாந்தையில்தான். றிஷானா மடிக்கணினியை விரித்துக்கொண்டு ஒரு ஓரத்தில் இருந்தாள். செயலாளருக்கு அங்கே வாக்கு இல்லை.

பிரகலாதன் தனியாக வந்தார். மேசையில் இருந்த தேத்தண்ணியைத் தொடவில்லை.

“சேர், நான் ஒண்டையும் மறைக்கேல்லை. அண்டைக்கு எனக்கு என்னமோ நடந்திட்டுது. மனவருத்தமாக் கிடக்கு. நீங்கள் என்ன சொன்னாலும் ஏற்கிறன்” என்றார்.

அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. ஸெய்னுதீன் சேர் தலையை ஆட்டினார். அதன்பிறகு பேச்சு மைதானத்துப் பார்வையாளர் கொட்டகையின் கூரைக்குப் போயிற்று. பெண்பிள்ளைகள் வெயிலில் நின்று ஆட்டம் பார்க்கிறார்கள், தகடு போடும் வேலை சபையில் பாஸாகிவிட்டது, பங்குனிக்குள் தொடங்கலாம் என்றார் பிரகலாதன். அவரை அனுப்பிவிட்டு இருவரும் லீக்கின் விதிகள் அடங்கிய யாப்பை எடுத்து விரித்தார்கள். யோகலிங்கத்தை யாரும் கூப்பிடவில்லை என்பது றிஷானாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

லீக்கின் யாப்பில் இரண்டு பிரிவுகள் இருந்தன. நடுவரை அடித்தால் குறைந்தது ஒரு வருடத் தடை. நடுவருடன் தகாத உடற்தொடுகை என்றால் ஒரு மாதம் முதல் மூன்று மாதம்.

“எழுதுங்க மகள்” என்று ஸெய்னுதீன் சேர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். “வாக்குவாதத்தின்போது நடுவரின் முகத்தில் திரு. பிரகலாதனின் கை பட்டது தொடர்பாக…”

றிஷானாவின் விரல் நின்றது. “சேர், அறிக்கையில ‘அடித்தார்’ எண்டெல்லோ இருக்கு?”

இராகுலன் ஆஸ்பத்திரித் துண்டை அவள் பக்கம் தள்ளினார். “இதை வாசிச்சுப் பாருங்கோ. விளையாட்டு நேரம் கை பட்டது எண்டு டொக்டரே எழுதியிருக்கிறார். ஆர் சொல்லி எழுதினது? நடுவர் சொல்லித்தானே?”

ஆங்கிலத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. சொல்லிக் கொடுத்ததை டைப் பண்ணினாள். திங்கள் முதல் ஒரு மாதத்துக்கு மைதானத்துள் நுழையத் தடை. கீழே செயலாளர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டாள். வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்த்தபோதுதான் கணக்குப் புரிந்தது. புதன்கிழமை நோன்பு தொடங்குகிறது. நோன்பு மாதம் முழுக்க லீக்கில் ஒரு போட்டியும் கிடையாது.

மறுநாள் யோகலிங்கம் கடிதத்தை எடுக்கக் கடைக்கு வந்தார். துறைமுகப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவர் அவர். வேலை உடுப்போடேயே வந்திருந்தார். வலது காது அவள் பக்கம் இருக்கும்படி சற்றுச் சாய்ந்து நின்று, கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“தங்கச்சி, இந்தச் சொல்லு ஆர் போட்டது?”

“கமிட்டிட முடிவு, அண்ணன்.”

“முடிவைக் கேக்கேல்லை. ஒரு மாசம் குடுங்கோ, ஒரு நாள் குடுங்கோ, அது உங்கட விருப்பம். நான் எழுதினது ‘அடித்தார்’ எண்டு. அது எப்படிப் ‘பட்டது’ எண்டு வந்தது?”

அவள் ஆஸ்பத்திரித் துண்டைப் பற்றிச் சொன்னாள். யோகலிங்கத்தின் முகம் மாறியது. கடிதத்தை மடிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார்.

“ஓம், அது நான் சொன்னதுதான். என்ன நடந்தது எண்டு டொக்டர் கேட்டவர். அடிச்சது எண்டு சொன்னால் ஆஸ்பத்திரிப் பொலிஸில முறைப்பாடு எழுதவேணும். ஒரு விளையாட்டுக்காக ஒரு ஆளைப் பொலிஸுக்கு இழுக்கிறதே எண்டு யோசிச்சன். லீக் இருக்குத்தானே, லீக் பாத்துக்கொள்ளும் எண்டு நினைச்சிட்டன்.”

கடையில் இரண்டு பேர் கொப்பி எடுக்க நின்றார்கள். அவர் குரலைத் தணித்தார்.

“வேலையில பெடியள் அண்டைக்கு ஆரோ எடுத்த வீடியோவைப் போனில பாத்திட்டு, ‘அண்ணைக்குக் கை பட்டதாம்’ எண்டு பகிடி பண்ணுறாங்கள். கடிதம் என்ட கைக்கு வரமுந்தியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அடி வாங்கினதுகூடப் பரவாயில்லை தங்கச்சி. இப்ப நான் பொய் எழுதினவன் மாதிரியெல்லோ இருக்கு.”

அவர் போனபிறகு அடையாள அட்டைக் கொப்பி ஒன்றை றிஷானா தலைகீழாக எடுத்துக் கொடுத்துவிட்டாள். வாங்கியவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய கணவன் இன்பாஸ் படகு எஞ்சின் திருத்துபவன். அன்று நோன்புக் கஞ்சிக்குப் பொருட்கள் வாங்கிக்கொண்டு வந்தவனிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீ டைப் பண்ணினனி. முடிவெடுத்தது அவங்க. உனக்கென்ன?” என்றான்.

“கையெழுத்து என்டதுதானே.”

“எல்லாக் கடிதத்திலயும் உன்ட கையெழுத்துத்தானே இரிக்கி.”

“எல்லாக் கடிதத்திலயும் நான் கண்ணால பாத்ததை மாத்தி எழுதல்லியே.”

இன்பாஸ் பையிலிருந்து இஞ்சியை எடுத்து மேசையில் வைத்தான். கொஞ்ச நேரம் கழித்து, “சேரிட்டப் போய்க் கதை. முதல்ல அவரிட்டக் கதைக்கிறதுதான் மரியாதை” என்றான்.

நோன்பின் இரண்டாம் வாரம், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் ஸெய்னுதீன் சேரின் வீட்டுக்குப் போனாள். அவர் விறாந்தையில் கால்களை நீட்டி இருந்தார். நோன்பின் களைப்பு முகத்தில் தெரிந்தது. அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“மகள், அவருக்கு ஒரு வருஷம் குடுத்தா என்ன நடக்கும் தெரியுமா? கழகத்தைக் கூட்டிக்கிட்டு லீக்கை விட்டுப் போவார். அவரோட இன்னும் நாலு கழகம் போகும். கூரை போகும். பதினெட்டைப் பதின்மூண்டாக்கிட்டு நாம யாருக்கு நீதி குடுக்கிற?”

“அப்ப, அடிச்சவர், ஆனா லீக்கை நினைச்சு ஒரு மாதம்தான் குடுக்கிறம் எண்டு எழுதியிருக்கலாமே, சேர்.”

“யாப்பில அதுக்கு இடமில்லியே.”

“யாப்பு இடம் தரல்ல எண்டு, நடந்ததை மாத்திட்டம்.”

ஸெய்னுதீன் சேர் கண்ணாடியைக் கழற்றி, உடுத்திருந்த சாரத்தின் நுனியால் துடைத்தார். அவள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த காலத்தில் இப்படி அவரோடு கதைத்திருக்கமாட்டாள். அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும்.

“கடிதம் போயிட்டுது. கிளறினா நாத்தம்தான் வரும். விடுங்க, மகள்” என்றார். குரல் உயரவில்லை. ஆனால் எழும்பி உள்ளே போய்விட்டார். இப்படி அவளைத் தனியே விட்டு அவர் எழும்பிப் போனது அதுதான் முதல் தடவை.

பெருநாள் முடிந்து இரண்டாம் ஞாயிறு பிரதிநிதிகள் கூட்டம். நூலக மண்டபத்தில் பதினைந்து கழகங்கள் வந்திருந்தன. பிரகலாதனின் தடை முடிந்திருந்தது. முன்வரிசையில், இரண்டாவது கதிரையில் இருந்தார். வந்தவர்களில் பலர் அவரோடு கைகுலுக்கிவிட்டே உட்கார்ந்தார்கள். நடுவர்கள் சார்பில் யோகலிங்கம் பின்னால் சுவரோரமாக இருந்தார்.

கடந்த காலத் தீர்மானங்களைச் செயலாளர் வாசித்து, சபை உறுதிப்படுத்துவது வழக்கம். பொதுவாக அந்த நேரத்தில்தான் எல்லாரும் போனைப் பார்ப்பார்கள். றிஷானா எழும்பினாள். என்ன செய்வதென்று இரவே முடிவெடுத்திருந்தாள். முதலில் யோகலிங்கத்தின் அறிக்கையை, எழுதியபடியே, கடைசிப் புள்ளி வரைக்கும் வாசித்தாள். பிறகு குழுவின் கடிதத்தை வாசித்தாள். தாளை மேசையில் வைத்தாள்.

“நடுவர் எழுதின சொல்லு ‘அடித்தார்’. கடிதத்தில இருக்கிறது ‘கை பட்டது’. டைப் பண்ணினது நான். கையெழுத்து வைச்சதும் நான். அண்டைக்கு மேசையில இருந்து அடிச்சதைக் கண்ணால பாத்ததும் நான்தான். தெரிஞ்சுகொண்டே பிழையா எழுதினனான். இதை இப்படியே உறுதிப்படுத்தச் சொல்லி உங்களிட்டக் கேக்க என்னால ஏலாது.”

போன்கள் கீழே இறங்கின. இராகுலன் உடனே எழும்பினார். “இது ஒழுங்குக்கு மாறு. முடிவு குழுட முடிவு. ஆதாரம் ஆஸ்பத்திரித் துண்டு. அதில ‘பட்டது’ எண்டுதான் இருக்கு. நடுவரே குடுத்த வாக்குமூலம்.”

“ஓம், நான்தான் சொன்னனான்.”

எல்லாரும் திரும்பினார்கள். யோகலிங்கம் சுவரைப் பிடித்தபடி எழும்பி நின்றார்.

“டொக்டரிட்ட நான் பொய் சொன்னனான். பொலிஸ் வரக்கூடாது எண்டு. அவரைக் காப்பாத்திறதுக்குத்தான் சொன்னனான். அதையே எனக்கு எதிராப் பிடிப்பீங்கள் எண்டு நினைக்கேல்லை. அது என்ட பிழை. ஆனா உங்களுக்கு எழுதித் தந்த அறிக்கையில நான் பொய் எழுதேல்லை.”

அவர் உட்கார்ந்துவிட்டார். பிரகலாதன் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்காலில் வைத்திருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கக்கண்டிக் கழகத்தின் பிரதிநிதி அப்ராஸ் கையை உயர்த்தினான். லீக்கில் வயது குறைந்த பிரதிநிதி அவன்தான். “கடிதத்தில அந்தச் சொல்லைத் திருத்தச் சொல்லி நான் பிரேரிக்கிறன்” என்றான். இராகுலன் மறுபடி எழும்பினார். இப்படி ஒரு பிரேரணையை ஏற்பதா இல்லையா என்பதைத் தலைவர்தான் தீர்மானிக்க வேண்டும். எல்லாரும் ஸெய்னுதீன் சேரைப் பார்த்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“செயலாளர் சொன்னதில ஒரு குறை இருக்கு” என்றார். “டைப் பண்ணினது அவ. ஆனா அந்தச் சொல்லைச் சொல்லிக் குடுத்தது நான். அவ கேட்டவ, அறிக்கையில வேற மாதிரி இருக்கே எண்டு. நான்தான் எழுதச் சொன்னேன். அதையும் பதிஞ்சுகொள்ளுங்க. பிரேரணையை வாக்குக்கு விடுறன்.”

எட்டுக் கை உயர்ந்தது. எதிர்த்து ஆறு. ஒருவர் எந்தப் பக்கமும் சேரவில்லை. சொல் திருத்தப்பட்டது.

அப்படியானால் தடையும் ஒரு வருடமாக வேண்டும் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். இராகுலன் அமைதியாக விளங்கப்படுத்தினார். தண்டனை அனுபவித்து முடிந்துவிட்டது. ஒரு குற்றத்துக்கு இரண்டு தரம் தண்டிக்க முடியாது. அது சரியான சட்டம்தான் என்பதை றிஷானாவும் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே இனி ஏட்டில் இப்படித்தான் இருக்கும்: நடுவரை அடித்தார், ஒரு மாதம் தடை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல், அடுத்தடுத்த வரியில்.

அடுத்த மாதம் நிருவாகத் தெரிவு நடந்தது. மறுபடி செயலாளராக றிஷானாவின் பெயரை அப்ராஸ் முன்மொழிந்தான். வழிமொழிய ஒருவரும் எழும்பவில்லை. ஸெய்னுதீன் சேர் உடல்நிலையைக் காரணம் காட்டித் தானாகவே விலகினார். பிரகலாதனின் கழகம் லீக்கை விட்டுப் போகவில்லை. வேறெந்தக் கழகமும் போகவில்லை. கொட்டகைக்குத் தகடு போட்டார்கள். திறப்பு விழாவில் பிரகலாதன் ரிப்பன் வெட்டினார். அன்று றிஷானா போகவில்லை. ஆனால் அதற்கடுத்த ஆட்டத்துக்குப் போனாள். முதன்முறையாக மேசையில் இல்லாமல் சனத்தோடு கொட்டகையில் இருந்து பார்த்தாள். நிழல் நன்றாகத்தான் இருந்தது. இது அவளுக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, நிழலில் என்ன பிழை என்று தோன்றியது.

வைகாசியில் ஒருநாள் காலை யோகலிங்கம் கடைக்கு வந்தார். மகளின் பிறப்புச் சான்றிதழில் மூன்று கொப்பி தேவைப்பட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, “பிரகலாதன் வந்தவர்” என்றார்.

“எங்க, வீட்டுக்கா?”

“இல்லை, ஐஸ் பெக்டரிக்கு. போன கிழமை, மத்தியானம். லொறிக்கு ஐஸ் ஏத்திற நேரம்.”

றிஷானா மெஷினை நிறுத்தினாள். “மன்னிப்புக் கேட்டவரா?”

யோகலிங்கம் யோசித்தார். சரியான சொல்லைத் தேடுபவர்போல் இருந்தது.

“கேட்டவர் எண்டு சொல்ல ஏலாது. கூரையைப் பற்றிக் கதைச்சவர். காது எப்பிடி எண்டு கேட்டவர். கொழும்பில ஒரு டொக்டரைத் தெரியும், காட்டுவமா எண்டு கேட்டவர். நான் வேண்டாம், இஞ்ச காட்டுறன் எண்டனான். பிறகு ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா நிண்டார். சப்பாத்து முழுக்க ஐஸ்தண்ணி. போகேக்க, ‘நான் அண்டைக்கு அடிச்சிருக்கக் கூடாது’ எண்டார்.”

“அடிச்சிருக்கக் கூடாது எண்டே சொன்னவர்?”

“ஓம். அந்தச் சொல்லுத்தான்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஓம், கூடாதுதான் எண்டனான். வேற என்ன சொல்ல? பரவாயில்லை எண்டு வாய்வரைக்கும் வந்தது. சொல்லேல்லை. டொக்டரிட்ட ஒருக்கா அப்பிடி விட்டுக்குடுத்து நான் பட்டது போதும்.”

றிஷானா கொப்பிகளை அடுக்கி உறையில் போட்டுக் கொடுத்தாள். புதிய பருவத்துக்கு நடுவர்களைப் பதிவுசெய்யும் படிவங்கள் மேசையின் ஓரத்தில் இருந்தன. புதிய செயலாளர் கொப்பி எடுக்க அவளிடம்தான் கொடுத்திருந்தார். யோகலிங்கம் அதில் ஒன்றை எடுத்து, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.

“உடற்தகுதிச் சான்றிதழ் வேணுமாம்” என்றார். “காதுக்கு என்ன எழுதப்போறாங்களோ தெரியேல்லை.”

“நடந்ததைச் சொல்லுங்க. எழுதுவாங்க.”

“இராசமலர் விடமாட்டாள். வீட்டில இருங்கோ எண்டுதான் சொல்லுறாள்.” மனைவியின் பெயரைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். “கடைசித் திகதி எப்ப?”

“வெள்ளிக்கிழமை.”

படிவத்தை மடித்து, மகளின் சான்றிதழ் இருந்த உறைக்குள்ளேயே வைத்தார். வாசலில் வெயில் ஏறிவிட்டது. சைக்கிளின் சீற்றைக் கையால் துடைத்து, ஏறி, ஐஸ் தொழிற்சாலைப் பக்கமாகப் போனார். றிஷானா மெஷினில் தாள் நிரப்பிவிட்டு, அடுத்து நின்றவரிடம் எத்தனை கொப்பி என்று கேட்டாள்.